எறும்புக்குப் போட்ட மஞ்சள்

காலை ஒன்பது மணி நாற்பது நிமிடத்துக்கு முதல் எறும்பு வந்தது. நேரம் இவ்வளவு திருத்தமாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. என் மகள் ஸ்கூட்டரில் கிளம்பிப் போய்ப் பத்து நிமிடம் ஆகிறதே, வழியிலிருக்கும் வல்லத்தைத் தாண்டியிருப்பாளா, ஹெல்மெட்டின் வாரை மாட்டியிருப்பாளா என்று அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்துக் கீழே பார்த்தால், கருப்பாக ஓர் எறும்பு ஒரு கேப்பை மணியைத் தூக்கிக்கொண்டு போகிறது. அதன் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் ஒரு வரிசையே வந்துகொண்டிருந்தது.

அந்தக் கேப்பை மணி என் மகளின் இறுதியாண்டுத் தேர்வின் ஒரு பகுதி. அதனால்தான் பதறினேன்.

அவள் சென்னையில் ஓவியமும் சிற்பமும் படித்தாள். கடைசி ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் ஒரு பழமையான இடத்தைத் தேர்ந்துகொண்டு, அந்த ஊர் மக்களோடு சேர்ந்து, இயற்கைப் பொருள்களைக் கொண்டு ஒரு கலைப்படைப்பு செய்ய வேண்டும். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் நேரில் வந்து பார்த்து மதிப்பெண் போடுவார். தேறினால் பட்டம், இல்லாவிட்டால் இன்னும் ஓர் ஆண்டு. அவள் தேர்ந்தெடுத்தது திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு குன்று. குன்றில் பழைய குடைவரை ஒன்று உண்டு. அதைச் சுற்றிக் கம்பி வேலி, ஒரு நீல அறிவிப்புப் பலகை, ஒரு காவலர். குன்றின் அடியில் பாதி தூர்ந்துபோன ஏரி. மீதிப் பாதியில் குப்பை.

ஏரிக்கரையில் நின்று பார்த்தால் குன்று ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பதுபோலத் தெரியும். அந்த உருவத்தையே, வேலிக்கு வெளியே இருக்கும் வெட்டவெளியில், ஏரியின் வண்டல் மண்ணைக் கொண்டு, தரையோடு ஒட்டிய மெல்லிய புடைப்பாக, இருபது அடி நீளத்துக்குச் செய்தாள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், வேலை இல்லாத நாள்களில் வந்து மண் சுமந்தார்கள். கால் கொலுசுக்குக் கேப்பை, கழுத்து மாலைக்கு மல்லாட்டை என்கிற நிலக்கடலை, கண்ணுக்கு மொச்சை என்று எல்லாம் அந்த ஊர் வயலில் விளைந்தவை. மூன்று வாரம் ஆயிற்று. அந்தப் பெண்கள் வேலைக்கு நடுவே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள் என்று மகள் ஒருமுறை போனில் சொன்னாள். நாம் செய்வது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று இருவரும் சந்தோஷப்பட்டோம்.

என் பங்கும் அதில் இருந்தது. நான் கண்டாச்சிபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். அனுமதி கேட்டு எழுத வேண்டிய கடிதங்களையெல்லாம் நான்தான் எழுதினேன். நகல் எடுத்தேன், நகலுக்கும் நகல் எடுத்தேன். அவளுடைய விளக்கக் குறிப்பையும் திருத்திக் கொடுத்தேன். அதன் கடைசி வரி, “இந்த மண் இங்கே கிடக்கக் கூடாது, நிலத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்” என்று இருந்தது. முன்பெல்லாம் கோடையில் விவசாயிகள் ஏரி வண்டலை அள்ளி வயலுக்கு அடித்துக்கொண்டு போவார்களாம், இப்போது யாரும் செய்வதில்லையாம். படித்ததும் எனக்கு அது ஏதோ கோரிக்கை மனுபோல இருந்தது. யாராவது இதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டால் என்ன செய்வது என்று அடித்துவிட்டேன். அவள் மறுபடியும் சேர்த்தாள். நான் மறுபடியும் அடித்தேன். கடைசியில் எனக்குக் காட்டாமலே அனுப்பிவிட்டாள்.

தேர்வு நாள் காலையில் விழுப்புரத்திலிருந்து ஸ்கூட்டரில் அவள் பின்னால் உட்கார்ந்து வந்தேன். மடியில் ஒரு பை. அதில் குளுக்கோஸ், பஞ்சு, குடை, கயிறு, வெட்டுக்காயத்துக்கு ஒரு சின்னப் பொட்டலம் மஞ்சள்தூள். தேர்வாளரைத் திண்டிவனம் பேருந்து நிலையத்திலிருந்து அழைத்துவர அவள் கிளம்பும்போது என்னிடம் சொன்னது ஒன்றுதான்.

“யாரும் மிதிக்காம பாத்துக்கங்கப்பா. மண்ணு காயாம இருந்தா போதும். வேற ஒண்ணும் பண்ணாதீங்க.”

ஊரிலிருந்து உதவிக்கு யாராவது வருவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருவரும் இல்லை. தெருவே காலியாக இருந்தது. காவலரிடம் விசாரித்தபோது, எல்லாரும் விடியற்காலையிலேயே மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். மாசி அமாவாசை. தேர்வுத் தேதியைக் குறித்தவர்களோ, அதை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்ட நானோ, அந்தக் கட்டத்தின் மூலையில் இருந்த சின்னக் கருப்புப் பொட்டைக் கவனிக்கவில்லை. எங்கள் அலுவலகத்துக்கு அன்று விடுமுறை இல்லை. விடுமுறை இல்லாத நாள் என் கண்ணில் விசேஷமாகப் படுவதில்லை.

இப்போது எறும்புக்கு வருகிறேன்.

எறும்புக்கு மஞ்சள் போட்டால் அண்டாது என்பது எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவைச் சுற்றிப் போட்டுப் பார்த்த அனுபவம். பையிலிருந்த பொட்டலம் ஒரு கால் கொலுசுக்குக்கூடப் போதவில்லை. சாலையோரப் பெட்டிக்கடைக்கு ஓடி, சரமாகத் தொங்கிய மஞ்சள்தூள் பொட்டலங்கள் அத்தனையையும் வாங்கி வந்தேன். எறும்பு எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம் இல்லையா. ஆகவே தலை முதல் கால் வரை ஓரமாகப் போட்டுக்கொண்டே வந்தேன். முகத்தில் கேப்பை இல்லை, ஆனால் பொட்டலம் மிச்சம் இருந்தது. அங்கேயும் தூவினேன்.

அதற்குள் வெயில் ஏறிவிட்டது. நெற்றியில் ஒரு விரிசல் தெரிந்தது. மண் காயக் கூடாது என்று சொல்லியிருந்தாளே. என் குடை ஒரு காதுக்குத்தான் நிழல் கொடுத்தது. பக்கத்தில் வேப்பமரம் இருந்தது. கொத்துக் கொத்தாக ஒடித்து வந்து, தலையைச் சுற்றி நெருக்கமாக நட்டு வைத்தேன். நிழல் பிரமாதமாக விழுந்தது. காவலர் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் குடைவரையைப் பார்க்க ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாவின் செருப்புக்குக் கூரான குதிகால். அது மண்ணில் பட்டால் ஓட்டை விழுமே என்ற பயத்தில், செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்க்கும்படி இருவரையும் கேட்டுக்கொண்டேன். மறுபேச்சில்லாமல் கழற்றினார்கள். சற்று நேரம் அடக்கமாக நின்றுவிட்டு வெறுங்காலோடு குன்று ஏறிப் போனார்கள். இனி வருகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்று, நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டினேன். கயிற்றுக்கு வெளியே அந்த இரண்டு ஜோடிச் செருப்பு, முன்மாதிரியாக இருக்கட்டும் என்று என்னுடையதும் ஒரு ஜோடி.

எல்லாம் ஒழுங்காக இருந்தது. எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. செல்போனில் ஒரு படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். கீழ் மூலையில் என் கட்டைவிரல் விழுந்திருந்தாலும் முழு உருவமும் அதில் வந்திருந்தது. மூன்றாவது நிமிடம் அவளே கூப்பிட்டாள்.

“என்னங்க, நீங்களா இதெல்லாம் பண்ணீங்க?”

ஆமாம் என்றேன், பெருமையாக.

“மஞ்சள் போட்டிருக்கீங்க, வேப்பிலை கட்டியிருக்கீங்க, செருப்பை வெளிய விட வெச்சிருக்கீங்க. கற்பூரம் ஒண்ணுதான் பாக்கி. இன்னைக்கு என்ன நாளுன்னு தெரியுமா உங்களுக்கு?”

அப்போதுதான் நான் அந்த உருவத்தை முதல்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். காலையிலிருந்து கொலுசையும் நெற்றியையும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, முழுசாகப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாசி அமாவாசையை ஒட்டி மேல்மலையனூரில் மயானக் கொள்ளை நடக்கும். சுடுகாட்டில் மண்ணால் அம்மனைப் பெரிதாகப் படுத்த நிலையில் செய்து வைப்பார்கள். ஜனங்கள் தங்கள் நிலத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து அவள்மேல் இறைப்பார்கள். பூசை முடிந்த மறு நொடி எல்லாரும் பாய்ந்து அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போவார்கள். அதை வயலில் போட்டால் நன்றாக விளையும், வீட்டில் வைத்தால் நல்லது நடக்கும் என்பது நம்பிக்கை. அள்ளி முடித்ததும் அங்கே உருவம் இருந்த தடமே இருக்காது.

எனக்குக் கூட்டம் என்றால் பயம். ஏழு வயதில் ஒருமுறை என்னை அங்கே தோளில் தூக்கிப் போனார்கள், நான் கண்ணை மூடிக்கொண்டேன். மகளை ஒரு தடவைகூட அழைத்துப் போனதில்லை. காணாமல் போய்விடுவாள், மூச்சு முட்டும், மிதிபடுவாள் என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு காரணம் வைத்திருந்தேன். ஆகவே, படுத்த நிலையில் ஒரு மண் பெண்ணைச் செய்தால் இந்த மண்ணில் அதற்கு என்ன பொருள் என்பது, விழுப்புரம் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியாமல் போயிருக்கும். மண் சுமந்த பெண்கள் எதற்காகச் சிரித்தார்கள் என்பதும் அப்போது விளங்கியது.

மனைவி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். வேப்பிலையை உடனே எடுத்துவிடச் சொன்னாள். நான் முதல் கொத்தைப் பிடுங்கக் கையை வைத்தேன். அதற்குள் குட்டியானை என்கிற ஒரு சின்னச் சரக்கு வண்டி சாலையிலிருந்து இறங்கி வேப்பமர நிழலில் வந்து நின்றது. அதில் இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். மரக்காணம் பக்கத்திலிருந்து மேல்மலையனூருக்குப் போகிறவர்கள், குழந்தைகளுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தியிருக்கிறார்கள். எல்லாப் பெண்களின் மடியிலும் கனமாக ஏதோ முடிந்திருந்தது.

முன்னால் இறங்கிய அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். மஞ்சள் புடவை, நெற்றி நிறையக் குங்குமம். கயிற்றண்டை வந்து நின்று உருவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அப்புறம் கையில் வேப்பிலையோடு நின்ற என்னைப் பார்த்தார்.

“தல எந்தப் பக்கம் வெச்சிக்கீறீங்க, சார்?”

பொய் சொல்லிப் பழக்கமில்லை. காட்டினேன். உடனே, அம்மா, இது சாமி இல்லை, காலேஜில் படிக்கிற என் பெண் செய்த ப்ராஜெக்ட், இன்று அவளுக்குப் பரீட்சை, மேடம் வந்து பார்த்து மார்க் போட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“யாரு கட்டினா இன்னா. படுத்துக்கினு கீறா இல்ல?” என்றார். பிறகு வண்டிப் பக்கம் திரும்பி, “எல்லாம் ஜல்தி எறங்குங்கடி. செருப்ப அங்கியே வுடுங்க, பூசாரி கோச்சுக்குவாரு” என்றார்.

என்னைத்தான் சொன்னார்.

நான் மூன்று காரியம் செய்தேன். முதலில் கயிற்றுக்கு உள்ளே போய்க் கைகளை விரித்து நின்றேன். பூசாரி உள்ளே போய்விட்டார், பூசை தொடங்குகிறது என்று எல்லாரும் கும்பிட்டார்கள். இரண்டாவதாக, சத்தமாக, தயவுசெய்து ஒரு மணி நேரம் பொறுங்கள் என்று கெஞ்சினேன்.

“அமாவாச உங்களுக்கோசரம் நிக்குமா, பூசாரியாரே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை.

மூன்றாவதாகக் காவலரைக் கூப்பிட்டேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்ததையே அன்று முதல்முறையாகப் பார்த்தேன். மெதுவாக நடந்து வந்தார். மூன்று வாரமாக என் மகளிடம், வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பிடி மண் வரக்கூடாது என்று நாளுக்கு நான்கு முறை சொன்னவர் அவர்.

“அந்தப் பக்கம் என் ட்யூட்டி இல்ல, சார்” என்றார். “பாப்பா மனசு கஷ்டப்படும்னுதான் நாங்க யாரும் சொல்லல. கட்டும்போதே தெரியும், இது இங்க நிக்காதுன்னு.”

மடிகள் அவிழ்ந்தன. மல்லாட்டை, கேப்பை, கத்தரிக்காய், சுண்டல், கொழுக்கட்டை எல்லாம் உருவத்தின்மேல் மழையாக விழுந்தன. பாதி என்மேல் விழுந்தது. யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். மனைவி சொன்ன அந்தப் பாக்கியும் தீர்ந்தது. மஞ்சள் புடவை அம்மா கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். வேப்பிலை அசைகிற ஒலி கேட்டது. நானும் ஏனோ கைகூப்பிவிட்டேன். மகளுக்கு மார்க் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், அந்த மார்க்கையே இன்னும் சற்று நேரத்தில் அள்ளிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று தெரிந்தும்.

அவர் கண்ணைத் திறந்தார்.

அதன் பிறகு நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. இடுப்பிலிருந்து வளைந்த முதுகுகளும் வளையல் சத்தமும்தான் நினைவில் இருக்கின்றன. கொலுசு போயிற்று. கை போயிற்று. மூன்று வாரம் முயன்று அவள் கொண்டுவந்த கன்னத்தின் வளைவு, ஓர் இளம்பெண்ணின் முந்தானைக்குள் ஒரே வாரலில் போயிற்று. குடைவரையிலிருந்து இறங்கி வந்த அந்தக் கணவனும் மனைவியும் விஷயம் என்னவென்று கேட்காமலே குனிந்து அள்ளினார்கள். குதிகால் செருப்புக்காரம்மாவிடம் கைப்பை இருந்தது, அதில் போட்டுக்கொண்டார். காவலர் தம் துண்டில் இரண்டு பிடி முடிந்துகொண்டு, வீட்டில் கத்தரிச்செடி பூத்துப் பூத்து உதிர்கிறது என்று என்னிடம் காரணம் சொன்னார். எட்டு நிமிடம் இருக்கும். பார்த்தால் வெறும் தரை. ஓரத்தில் மட்டும் மஞ்சள் கோடு, ஆள் படுத்திருந்து எழுந்து போன மாதிரி. அதற்குள் எறும்புகள் திரும்பி வந்திருந்தன.

நான் கயிற்றுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மஞ்சள் புடவை அம்மா பக்கத்தில் வந்து குந்தினார்.

“உங்களுக்கு ஒண்ணும் எடுத்துக்கலியா?”

இல்லை என்று தலையசைத்தேன்.

“பொண்ணுக்குப் பரீட்சைன்னீங்களே. இந்தாங்க. இத அவ தலமாட்ல வெச்சிட்டு அனுப்புங்க. நல்லா பாஸ் பண்ணும்.”

தம் பங்கிலிருந்து ஒரு பிடியை எடுத்து, என் சட்டைப்பையிலிருந்த கைக்குட்டையை அவரே உருவி, அதில் வைத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். இந்த மண்தான் அந்தப் பரீட்சை என்று அவருக்கு விளக்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

சாலையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

பதினொன்றே கால். மகள் வண்டியை நிறுத்தினாள். மாட்டியிருந்த வாரை அவிழ்த்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் தலையில் சுண்டல் இருந்தது. நான் எழுந்து நின்று, எறும்பு வந்தது என்று மட்டும் சொன்னேன். அவள் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூன்று வயதில் பலூன் வெடித்தபோதும் இப்படித்தான் நின்றாள், அழுகை அப்புறம்தான் வந்தது.

பின்சீட்டிலிருந்து தேர்வாளர் இறங்கினார். வெட்டிவிட்ட நரைத்த முடி, கைத்தறிப் புடவை, தோளில் துணிப்பை. வேலை பாதியில் இருக்கையில் படங்களை வைத்துக் கேள்வி கேட்டபோது, ஊர்க்காரர்கள் இதில் கூலிக்கு மண் சுமந்தவர்கள்போலத்தான் தெரிகிறார்கள், இது அவர்களுடையதாக ஆகவில்லை என்று அவளை அழவிட்டவர் இவர்தான். கயிற்றையும் செருப்புகளையும் மஞ்சள் கோட்டையும் நிதானமாகப் பார்த்தார். மடி கனக்க வண்டியில் ஏறிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். துணிப்பையிலிருந்து விளக்கக் குறிப்பை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, மண் நிலத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று, நான் இரண்டு முறை அடித்த அந்த வரியில் விரலை வைத்தார். அப்புறம் தம் செருப்பைக் கழற்றி என்னுடையதன் பக்கத்தில் விட்டார்.

“வண்டி கிளம்புறதுக்குள்ள போய், யார் யார் எவ்வளவு எடுத்தாங்க, அது எந்த ஊர்ல எந்த நிலத்துக்குப் போகுதுன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு எழுதிக்கிட்டு வாம்மா” என்றார் என் மகளிடம். “அதையும் சேர்த்தாத்தான் இது முடியும். மார்க்கும் அப்பதான் முழுசா போட முடியும்.”

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். நானும் பேனாவைத் திறந்துகொண்டு பின்னால் கிளம்பினேன். இதுவாவது எனக்குத் தெரிந்த வேலை. இரண்டடி வைத்திருப்பேன், அவர் என் கைக்குட்டை முடிச்சைப் பார்த்துவிட்டார்.

“நீங்களும் எடுத்திருக்கீங்க போல” என்றார். “முதல்ல உங்க ஊரை எழுதுங்க, சார்.”